துவக்கின் உண்மை எது? ஸொம்பி விளையாட்டுகளும் ஒரு தோட்டாவின் கணக்கும்

எங்கள் வீடுகளில் 'ஷெல்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். கூவிக்கொண்டு வருவது, பங்கருக்குள் ஓடவைப்பது, விழுந்த இடத்தில் எதையும் மிச்சம் வைக்காதது. ஆனால் இன்று கணினியிலோ தொலைபேசியிலோ விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை "ஷெல் முடிஞ்சுது, ஷெல் தேடவேணும்" என்று சொன்னால் அது வேறு. ஆங்கிலத்தில் ஷொட்கன் எனப்படும் வேட்டைத் துவக்குக்குப் போடும் தோட்டாவின் பெயரும் அதுதான். ஒரு விரல் நீளம், பெருவிரலைவிடச் சற்றுப் பருமன், பெரும்பாலும் சிவப்பு நிறம்.

ஒரே சொல் ஒரே வீட்டில் இரண்டு தலைமுறைகளுக்கு இரண்டு பொருள் தருகிறது. அந்தப் பிள்ளை விளையாடும் விளையாட்டு உண்மையானது என்று விளம்பரப்படுத்தப்படுகிறது. துவக்கின் எடை, சத்தம், தோட்டாவின் வகை எல்லாம் நிஜத்தில் இருப்பதுபோலவே அமைக்கப்பட்டிருப்பதாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் ஒரு துவக்கை உண்மையாகக் காட்டுவது என்றால் என்ன? இந்த விளையாட்டுகள் எதைச் சரியாகச் செய்கின்றன, எதை வேண்டுமென்றே பொய்யாக்குகின்றன, எதைச் சொல்லாமலே விடுகின்றன?

இரண்டு விளையாட்டுகள்

ஸொம்பி என்பது இறந்தபின் எழுந்து நடந்து மனிதரைக் கடிக்கும் பிணம். அரசாங்கமும் கடையும் வைத்தியசாலையும் இல்லாது போன உலகில், நடமாடும் பிணங்களுக்கு நடுவே சாப்பாடும் தண்ணீரும் மருந்தும் தேடி உயிரோடிருப்பதே இவ்வகை விளையாட்டுகளின் அடிப்படை.

இவற்றில் உண்மைத் தன்மைக்குப் பெயர்போனவை இரண்டு. முதலாவது 'புரொஜெக்ட் ஸொம்பொயிட்'. 'த இன்டி ஸ்ரோன்' என்ற சிறிய குழு 2011 முதல் இன்றுவரை இதை மெருகேற்றி வருகிறது. 1993 இல் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் கதை நடக்கிறது. நீங்கள் எப்படி இறந்தீர்கள் என்பதுதான் இந்தக் கதை என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் விளையாட்டு தொடங்கும். வெல்வதற்கு எதுவுமில்லை. எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிறீர்கள் என்பது மட்டுமே கேள்வி.

இரண்டாவது 'டேய்ஸீ'. நியூசிலாந்து இராணுவத்தில் பணியாற்றிய டீன் ஹோல், புரூணை நாட்டுக் காட்டில் நடந்த ஒரு பயிற்சியில் பட்ட பசியிலும் காயத்திலும் இருந்துதான் இதற்கான எண்ணத்தைப் பெற்றார். 2012 இல் 'ஆர்மா 2' என்ற இராணுவ விளையாட்டின் மேலதிக இணைப்பாக வெளியாகி, சில மாதங்களுக்குள்ளேயே பத்து இலட்சம் பேரைச் சேர்த்தது. பின்னர் செக் நாட்டின் 'பொஹீமியா இன்ரரக்டிவ்' நிறுவனம் அதைத் தனி விளையாட்டாக வெளியிட்டது.

இரண்டிலும் வேட்டைத் துவக்குக்குத் தனி இடம் உண்டு. காரணம் எளிது. இராணுவம் இல்லாத ஊரிலும் கமக்காரர் வீட்டில் இருக்கக்கூடிய ஆயுதம் அது. எமது கிராமங்களுக்கும் அது புதிதல்ல. பயிர் காக்க அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருந்த வேட்டைத் துவக்கு, காட்டோரத்து இடியன் துவக்கு, பன்றிக்குக் கட்டி மனிதரின் காலைப் பறிக்கும் கட்டுத்துவக்கு என்று அதன் உறவினர் பலரை நாம் அறிவோம்.

12 என்ற எண் எங்கிருந்து வந்தது?

விளையாட்டில் தோட்டாப் பெட்டியில் 12 என்ற எண் இருக்கும். பப்ஜி விளையாடுபவர்களுக்கும் இது பழக்கம். எங்கள் ஊரில் இதை '12 போர்' என்பார்கள். இங்கே போர் என்பது யுத்தமல்ல, குழாயின் துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். ஒரு இறாத்தல் ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், ஒரு உருண்டை எந்தக் குழாய்க்குள் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர் அகலம். 20 போர் என்றால் உருண்டைகள் 20, எனவே ஒவ்வொன்றும் சிறிது, குழாயும் ஒடுக்கம். எண் கூடக் கூடத் துவக்கு சிறிதாகும்.

மற்றத் துவக்குகளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு தோட்டாவுக்குள் இருக்கிறது. றைபிளின் ரவையில் ஒரே ஒரு சன்னம். வேட்டைத் துவக்கின் தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்பது தோட்டாவுக்குத் தோட்டா மாறும். பறவை சுடும் தோட்டாவில் 2 மில்லிமீற்றர் அளவிலான நூற்றுக்கணக்கான ஈயக் குண்டுகள் இருக்கும். மான், பன்றி சுடும் தோட்டாவில் 8.4 மில்லிமீற்றர் அளவில் எட்டோ ஒன்பதோ இருக்கும். மூன்றாவது வகையில் ஏறத்தாழ 28 கிராம் எடையுள்ள ஒரே ஈயக் கட்டி.

பழைய விளையாட்டுகளில் இந்த வேறுபாடே இல்லை. 1993 இல் வந்த 'டூம்' விளையாட்டில் ஷொட்கன் தோட்டா என்றால் எல்லாம் ஒன்றுதான். டேய்ஸீ இதை மாற்றியது. அதில் ஈயக் குண்டுத் தோட்டா, ஒற்றைக் கட்டித் தோட்டா, ஆளைக் கொல்லாமல் விழுத்துவதற்கான இறப்பர்த் தோட்டா என்று வகைகள் உண்டு. எதைப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டு ஓட முடியாது.

பறவைத் தோட்டா 'பலவீனமானது' என்று விளையாடுபவர்கள் ஒதுக்குவது வழக்கம். அதைக் கேட்கும்போது காஷ்மீரை நினைக்க வேண்டும். 2016 இல் அங்கு ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது பாதுகாப்புப் படையினர் பயன்படுத்தியது இப்படிச் சிறு குண்டுகளைச் சிதறவிடும் 12 போர் துவக்குகளைத்தான். உயிரைக் குறைவாக எடுக்கும் ஆயுதம் என்று அவை சொல்லப்பட்டன. நூற்றுக்கணக்கானோருக்குக் கண்களில் காயம். பலர் பார்வையை இழந்தனர். பலவீனமான தோட்டா என்பது யாருடைய கணக்கில் பலவீனம் என்ற கேள்வியை எந்த விளையாட்டும் கேட்பதில்லை.

விளையாட்டுகளின் மிகப்பெரிய பொய்

ஷொட்கன் பற்றி விளையாட்டுகள் சொல்லும் மிகப் பெரிய பொய் சிதறல். பெரும்பாலான விளையாட்டுகளில் சுட்டவுடன் குண்டுகள் ஒரு கதவின் அகலத்துக்கு விரியும். ஐந்து மீற்றரில் எதிரி துண்டாகிப்போவான். பதினைந்து மீற்றரில் நின்றால் அவனுக்குக் கீறலும் விழாது.

நிஜத்தில் குழாயை விட்டு வெளியேறும் குண்டுக்கூட்டம் ஒவ்வொரு மீற்றருக்கும் சுமார் 2.5 முதல் 3 சென்ரிமீற்றர்தான் விரிகிறது. ஐந்து மீற்றர் அறைக்குள் அது ஒரு உள்ளங்கை அளவு. பத்து மீற்றரில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு. எனவே 'ஷொட்கன் என்றால் குறிபார்க்கத் தேவையில்லை' என்பது கதை. குழாயின் நுனியை ஒடுக்கிச் செய்த துவக்குகளில் விரிவு இன்னும் குறைவு. நன்கு ஒடுக்கிய குழாய், 40 யார் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் குண்டுகளில் 70 சதவீதம் வரையில் சேர்க்கும். அதாவது 35 மீற்றருக்கு அப்பால் நிற்பவரும் பாதுகாப்பாக இல்லை.

வடிவமைப்பாளர்களுக்கு இது தெரியும். தெரிந்தே பொய்யாக்குகிறார்கள். விளையாட்டில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு வேலை வேண்டும். கைத்துப்பாக்கி இதற்கு, றைபிள் தூரத்துக்கு, ஷொட்கன் கிட்டத்துக்கு என்று பிரித்தால்தான் விளையாடுபவர் தெரிவு செய்ய வேண்டிவரும். ஷொட்கன் நிஜத்தில் உள்ளபடியே இருந்தால் பலர் வேறு எதையும் தொடமாட்டார்கள். சமநிலைக்காக உண்மையை வெட்டுகிறார்கள்.

உண்மையாக்க விரும்பும் விளையாட்டு, தூரத்தை வெட்டாமல் வேறு வழியில் சமநிலை தேட வேண்டும். புரொஜெக்ட் ஸொம்பொயிட் நீண்டகாலம் பின்பற்றிய வழி இது: குறி தவறுமா இல்லையா என்பதைத் துவக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. சுடுபவரின் பழக்கம், களைப்பு, பதற்றம் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கும். திடீரென்று பிணங்கள் சூழ்ந்தால் உங்கள் பாத்திரத்துக்குப் பதற்றம் ஏறும், கை நடுங்கும், குறி தவறும். பயந்த மனிதனின் கையில் நல்ல துவக்கும் நல்ல துவக்கல்ல. இதை ஒரு கணினி விளையாட்டு சொல்வது சிறிய விடயமல்ல.

உடல்கள் பறப்பதில்லை

இரண்டாவது பொய் சினிமாவிலிருந்து வந்தது. ஷொட்கன் வெடித்தவுடன் எதிரி பின்னால் தூக்கி எறியப்பட்டுச் சுவரில் மோதுவான். பாடசாலை விஞ்ஞானத்தில் படித்த உந்தக் கணக்கே இதைத் தகர்க்கப் போதும்.

ஒன்பது குண்டுகளின் மொத்த எடை ஏறத்தாழ 31 கிராம். வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 370 மீற்றர். இரண்டையும் பெருக்கினால் உந்தம் சுமார் 11.5 அலகு. அதை 70 கிலோ எடையுள்ள மனிதர் முழுமையாக வாங்கினாலும் அவருடைய உடல் பெறும் வேகம் செக்கனுக்கு சுமார் 16 சென்ரிமீற்றர். நாம் சாதாரணமாக நடக்கும் வேகத்தில் எட்டில் ஒரு பங்கு. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, அடிபட்டவரைத் தூக்கி எறியும் விசை இருந்தால் சுட்டவரும் அதே விசையில் பின்னால் பறக்க வேண்டும்.

சுட்டவர் பறப்பதில்லை. ஆனால் தோளில் நல்ல அடி வாங்குவார். மூன்றரைக் கிலோ துவக்கு செக்கனுக்கு மூன்று மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் தோளை இடிக்கும். பழகாதவர் ஒரு பெட்டி தோட்டா சுட்டால் அடுத்த நாள் தோள் கன்றிப்போயிருக்கும். விளையாட்டுகளில் எதிரியின் உடல் பறக்கிறது, சுட்டவரின் தோளுக்கு ஒன்றும் ஆவதில்லை. வலியை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

சுடப்பட்ட மனிதர் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே சரிவார், அல்லது சற்றுத் தூரம் ஓடியபின் விழுவார். இதை எமது வாசகர்களில் பலருக்கு விளக்கத் தேவையில்லை.

எடை, ஈரம், நேரம்

ஒரு 12 போர் தோட்டாவின் எடை ஏறத்தாழ 45 முதல் 50 கிராம். நூறு தோட்டா என்றால் கிட்டத்தட்ட ஐந்து கிலோ. பழைய விளையாட்டுகளில் பாத்திரம் நூற்றுக்கணக்கான தோட்டாக்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடும். ஸொம்பொயிட்டில் ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு. அந்தப் பைக்குள்தான் அரிசியும் ரின்மீனும் மருந்துத் துணியும் தண்ணீர்ப் போத்தலும் போக வேண்டும். தோட்டாவைக் கூட்டினால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். எதைத் தூக்குவது, எதை விட்டுச்செல்வது என்று முடிவெடுத்து இடம்பெயர்ந்தவர்களுக்கு அந்தக் கணக்கு புதிதல்ல. ஒரு விளையாட்டு இந்த அளவுக்கு வந்திருப்பது அதன் நேர்மைக்கு அடையாளம்.

நேரமும் அப்படித்தான். றைபிளுக்கு ரவைக்கூடு ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டலாம். 1950 இல் அறிமுகமாகி ஒரு கோடிக்கு மேல் விற்பனையான 'ரெமிங்ரன் 870' போன்ற துவக்கில், குழாய்க்குக் கீழேயுள்ள இன்னொரு குழாய்க்குள் தோட்டாவை ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். இரட்டைக் குழல் துவக்கில் இரண்டே வெடி, பிறகு மடித்துத் திறந்து மறுபடி போட வேண்டும். உண்மையான விளையாட்டில் இந்தச் செக்கன்கள் அப்படியே எண்ணப்படும். மூன்று பிணங்கள் வரும்போது இரண்டு தோட்டா என்பது கணக்கில் தோற்றுப்போன நிலை.

சினிமாவில் கதாநாயகன் மிரட்டும் ஒவ்வொரு தடவையும் துவக்கின் பிடியை 'சடக் சடக்' என்று இழுப்பார். உள்ளே சுடாத தோட்டா இருக்கும்போது அப்படி இழுத்தால் நல்ல தோட்டா வெளியே விழுந்துவிடும். தோட்டா அரிதான உலகில் அப்படி ஒருவரும் செய்யமாட்டார்.

ஈரத்தைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. முதலாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படையினர் பதுங்குகுழிச் சண்டைக்கு ஷொட்கன் கொண்டுபோனார்கள். அக்காலத் தோட்டாக்களின் உறை காகிதம். சேற்றிலும் மழையிலும் காகிதம் ஊறிப் பருத்து, துவக்குக்குள் போகாமல் இறுகியது. பித்தளை உறையில் தோட்டா செய்ய வேண்டிவந்தது. ரெமிங்ரன் பிளாஸ்ரிக் உறையை 1960 இல்தான் கொண்டுவந்தது. டேய்ஸீயிலும் ஸொம்பொயிட்டிலும் பழுதான துவக்கு நடுவில் இறுகி நின்றுவிடும். ஆயுதம் என்பது பராமரிக்காவிட்டால் உங்களையே காட்டிக்கொடுக்கும் ஒரு இயந்திரம் என்ற உண்மை அதில் இருக்கிறது.

ஏன் கென்ரக்கி?

தோட்டா எங்கே கிடைக்கிறது என்பதும் உண்மையின் ஒரு பகுதி. ஸொம்பொயிட்டின் வரைபடத்தில் உள்ள மல்ட்ரோ, வெஸ்ற் பொயின்ற் ஆகியவை கென்ரக்கியில் நிஜமாகவே இருக்கும் ஊர்கள். அங்கே வீட்டு அலுமாரிக்குள் துவக்கு கிடைக்கும். பொலிஸ் நிலையத்தில் கிடைக்கும். துவக்குக் கடையே இருக்கும். அமெரிக்காவில் அது மிகையல்ல. 'ஸ்மோல் ஆர்ம்ஸ் சேவே' ஆய்வு நிறுவனம் 2017 இல் மதிப்பிட்டபடி அங்கு பொதுமக்களிடம் மட்டும் சுமார் 39 கோடி 30 இலட்சம் துப்பாக்கிகள் இருந்தன. 100 பேருக்கு 120. மக்களைவிடத் துவக்குகள் கூட.

எனவே ஒரு விளையாட்டு உண்மையாக இருக்கிறது என்றால், எந்த நாட்டின் உண்மை என்றும் கேட்க வேண்டும். துவக்குக் கையில் இருந்தால் தப்பலாம் என்ற எண்ணமே ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் எண்ணம். துவக்கு வைத்திருப்பவர் என்ற சந்தேகமே ஒருவரைச் சோதனைச் சாவடியில் காணாமல் ஆக்கப் போதுமாக இருந்த ஊர்களில் அந்த எண்ணம் அப்படியே பொருந்தாது.

சத்தம்தான் விலை

இந்த விளையாட்டுகள் உண்மைக்கு மிக அருகில் வருவது துவக்கின் உருவத்திலல்ல, சத்தத்தில்.

12 போர் துவக்கின் வெடிச்சத்தம் சுடுபவரின் காதருகே 150 டெசிபெலைத் தாண்டும். 140 டெசிபெலுக்கு மேற்பட்ட ஒரே ஒரு வெடிகூடக் காதை நிரந்தரமாகப் பாதிக்கலாம். வாகனமும் மின்பிறப்பாக்கியும் ஓடாத அமைதியான நாட்டுப்புறத்தில் அந்தச் சத்தம் கிலோமீற்றர் கணக்கில் கேட்கும்.

ஸொம்பொயிட் இந்த ஒரு உண்மையை எடுத்து விளையாட்டின் மையமாக வைத்தது. பிணங்கள் சத்தத்தைத் தேடி வரும். கத்தியாலோ தடியாலோ ஒன்றை விழுத்தினால் பக்கத்தில் உள்ளவை மட்டும் திரும்பும். ஷொட்கனால் சுட்டால் முன்னால் நின்ற நான்கு விழும், அந்த ஊரில் இருந்த மிச்சமெல்லாம் உங்களை நோக்கி நடக்கத் தொடங்கும். டேய்ஸீயில் சத்தத்துக்குப் பிணங்கள் மட்டுமல்ல, துவக்கு வைத்திருக்கும் மற்ற மனிதர்களும் வருவார்கள். அது இன்னும் ஆபத்து.

புதிதாக விளையாடுபவர் முதலில் துவக்கைத் தேடுவார். நீண்டநாள் விளையாடியவர் துவக்கை வைத்துக்கொண்டே அதைச் சுடாமல் இருக்கப் பழகுவார். சுடுவது ஒரு பிரச்சினையைத் தீர்த்து, பெரிய பிரச்சினை ஒன்றை அழைத்துவருகிறது. சமநிலைக்காகத் தூரத்தைப் பொய்யாக்கத் தேவையில்லாமல் போனது இதனால்தான். நிஜத்தின் விலையை நிஜமாகவே வைத்தால் அதுவே கட்டுப்படுத்திவிடும்.

எங்கிருந்து ஒரு வெடி கேட்டாலும் அடுத்து அந்த இடத்துக்கு என்ன வரும் என்று கணக்குப் போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு வெடிக்குப் பிறகு சுற்றிவளைப்பு, ஒரு வெடிக்குப் பிறகு பதில் ஷெல். சுட்டவர் போய்விடுவார், இருந்தவர்கள் அகப்படுவார்கள். விளையாட்டில் அந்த விலையைச் சுட்டவரே கொடுக்கிறார். அந்த வகையில் விளையாட்டு நிஜத்தைவிட நியாயமானது.

சொல்லாமல் விடுவது

இனி, எவ்வளவு உண்மையான விளையாட்டும் தொடாமல் விடும் பகுதிக்கு வருவோம்.

ஸொம்பி ஏற்கெனவே இறந்தவர். அதனால் அவருக்கு வலி இல்லை, தாய் இல்லை, இழப்பீட்டு விண்ணப்பம் இல்லை. துவக்கின் மறுமுனையில் யார் என்ற கேள்வியை இந்த வகை விளையாட்டு தொடக்கத்திலேயே அழித்துவிடுகிறது. துவக்கை எவ்வளவு நுணுக்கமாக உண்மையாக்கினாலும், அது பட்ட உடல் பொய்யான உடல்.

நிஜமான உடலில் என்ன நடக்கிறது? 1918 செப்ரெம்பரில் ஜேர்மனி, அமெரிக்காவின் ஷொட்கன்களுக்கு எதிராக முறைப்படி ஆட்சேபம் தெரிவித்தது. தேவையற்ற துன்பத்தை விளைவிக்கும் ஆயுதம் யுத்தச் சட்டத்துக்கு எதிரானது என்பது அதன் வாதம். நச்சுவாயுவைப் பயன்படுத்திய ஒரு தரப்பு இதைச் சொன்னது என்பது வேறு விடயம். அமெரிக்கா அதை நிராகரித்தது. ஆனால் ஒரே நேரத்தில் ஒன்பது காயங்களை உண்டாக்கும் ஆயுதம் என்ற விவரம் அன்றே பதிவானது.

அந்தக் குண்டுகள் எல்லாம் வெளியே எடுக்கப்படுவதுமில்லை. எடுப்பது கூடுதல் பாதிப்பைத் தரும் என்றால் வைத்தியர்கள் உள்ளேயே விட்டுவிடுவார்கள். தசைக்குள் உள்ள ஈயத்தைச் சுற்றிப் பெரும்பாலும் தழும்புத் திசு மூடிக்கொள்ளும். மூட்டுக்குள் இருந்தால் நிலைமை வேறு. மூட்டுத் திரவம் ஈயத்தை மெல்லக் கரைக்கும். ஆண்டுகள் கழித்தும் இரத்தத்தில் ஈயத்தின் அளவு கூடலாம். ஷெல் துண்டு பெரும்பாலும் இரும்பு. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் அதை அசைக்கவோ சூடாக்கவோ கூடும்.

உடலில் சன்னமோ ஷெல் துண்டோ உள்ளவர்கள் எங்கள் ஊர்களில் இன்றும் ஏராளம். எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் அதைக் கட்டாயம் வைத்தியரிடமும் படப்பிடிப்பாளரிடமும் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். முன்னர் எடுத்த எக்ஸ்ரே படம் இருந்தால் கொண்டுபோவது நல்லது. மூட்டுப் பக்கத்தில் இருந்து, காரணம் தெரியாத வயிற்று வலி, களைப்பு, கை கால் பலவீனம் போன்றவை தொடர்ந்தால் இரத்தத்தில் ஈயத்தை அளக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்கலாம். வெடிச்சத்தத்துக்குப் பிறகு காதுக்குள் தொடர்ந்து இரைச்சல் கேட்பவர்களும் அதை வயதின் கோளாறு என்று விடாமல் காட்டுவது நல்லது.

ஸொம்பொயிட்டில் ஒரு காயம் சில நாட்களில் ஆறும், அல்லது அந்த ஆட்டம் முடியும். 2009 இல் பட்டது இன்னும் உள்ளேயே இருக்கும் நிலைக்கு எந்த விளையாட்டிலும் ஒரு குறியீடு இல்லை.

துவக்கு பொய், யுத்தம் உண்மை

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது 2014 இல் போலந்தின் '11 பிற் ஸ்ரூடியோஸ்' வெளியிட்ட 'திஸ் வோர் ஒஃப் மைன்'. ஸொம்பி இல்லை. 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகையைத் தழுவியது. நீங்கள் படைவீரரல்ல. உடைந்த வீட்டுக்குள் அகப்பட்ட பொதுமக்கள். அதிலும் ஷொட்கன் உண்டு. ஆனால் சிதறல், உந்தம், போர் எண் பற்றிய எந்தக் கவலையும் அதற்கு இல்லை. கையில் கிடைத்த துவக்கைப் பெரும்பாலும் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

ஒரு முதியவரின் வீட்டில் புகுந்து அவருடைய உணவை எடுத்துவந்தால், அடுத்த நாள் உங்கள் பாத்திரம் சாப்பிடும், ஆனால் பேசாது. நிரபராதி ஒருவரைக் கொன்றால் மனமுடைந்து படுக்கையை விட்டு எழாமலும் போகலாம். இரும்பைப் பொறுத்தவரை மிக எளிமையான விளையாட்டு. யுத்தத்தைப் பொறுத்தவரை மிக உண்மையானது. 2020 இல் போலந்து அரசாங்கம் இதைப் பாடசாலை மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது.

டேய்ஸீயை வெளியிடும் அதே பொஹீமியா நிறுவனம், 2017 செப்ரெம்பரில் 'ஆர்மா 3' விளையாட்டுக்கு யுத்தச் சட்டங்கள் என்ற பெயரில் ஒரு இணைப்பை வெளியிட்டது. அதில் விளையாடுபவர் பெரும்பாலும் சுடுபவரல்ல. யுத்தம் முடிந்த கிராமத்தில் வெடிக்காத குண்டுகளையும் கண்ணிவெடிகளையும் அகற்றுபவர். ஒவ்வொரு வெடிபொருளும் யாரால், எதற்காக, எப்படி அங்கு வந்தது என்பது பின்னோக்கிக் காட்டப்படும். விற்பனை வருமானத்தின் ஒரு பகுதி சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில்தான் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. முகமாலையில் குந்தியிருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறிய எங்கள் பெண்களின் வேலை என்ன என்பதை ஒரு பிள்ளைக்கு விளக்க, அந்த விளையாட்டு நல்ல தொடக்கமாக இருக்கும்.

வீட்டில் என்ன செய்வது?

இப்படியான விளையாட்டுகள் பிள்ளைகளை வன்முறையாளர் ஆக்குமா என்பது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி. அமெரிக்க உளவியல் சங்கம் 2020 இல் வெளியிட்ட நிலைப்பாட்டின்படி, கத்துதல், தள்ளுதல் போன்ற சிறு ஆவேச நடத்தைகளுடன் ஒரு சிறிய தொடர்பு காணப்படுகிறது. நிஜ வன்முறைக்கு இவையே காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. எனவே பறித்து உடைக்கத் தேவையில்லை. வயதுக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். முக்கியமாக, ஒலிபெருக்கியில் போடாமல் காதொலிப்பானைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். அடுத்த அறையில் இருக்கும் அம்மம்மாவின் உடலுக்கு அந்தச் சத்தம் விளையாட்டுச் சத்தம் என்று தெரியாது.

அதற்கு மேல், பேசலாம். எங்கள் பிள்ளைகளுக்கு ஷொட்கன் தோட்டாவின் வகைகளும் எடையும் தெரிகின்றன. தங்கள் வீட்டில் யாருடைய காலுக்குள் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. நாம் சொல்லாததும் அதற்கு ஒரு காரணம். துவக்கு சுட்டால் சத்தம் எவ்வளவு தூரம் போகும், அடுத்து யார் வருவார்கள், கையில் இரண்டே தோட்டா இருந்தால் என்ன செய்வது என்று யோசிக்கப் பழகிய பிள்ளை, எங்கள் கதையின் பாதியை ஏற்கெனவே விளங்கிக்கொண்டிருக்கிறது. மீதிப் பாதி, அந்தத் தோட்டா போய்ப்பட்ட இடத்தில் இருந்தவர்களின் கதை. அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். "ஷெல் முடிஞ்சுது" என்று பிள்ளை அடுத்த தடவை சொல்லும்போது, எந்த ஷெல் என்று கேட்டு அங்கிருந்தே தொடங்கலாம்.